சோற்றுக் கிண்ணத்தைப் பிடுங்காமல்: சீனக் குடியேறிகள் நீரிழிவைக் கையாளத் துணைநிற்பதற்கான முழுமையான வழிகாட்டி

நியூயார்க், டொரன்டோ, வான்கூவர் போன்ற நகரங்களில் மருத்துவத் துறையில் இருக்கும் தமிழர்களுக்குச் சீன நோயாளிகளைப் பார்க்காமல் ஒரு வாரம்கூடக் கழியாது. செவிலியர், உணவியல் ஆலோசகர், மருந்தாளுநர், சமூக நலப் பணியாளர், தன்னார்வலர் எல்லோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நியூயார்க்கைச் சேர்ந்தவை.

பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி சீனாவில் மட்டும் ஏறத்தாழ 14 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அந்தக் கணக்கில் உலகின் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நோயோடு வேறு சுமைகளும் சேர்ந்துகொள்கின்றன: புரியாத மொழி, நீண்ட வேலை நேரம், மருத்துவச் செலவு, தனிமை.

நம் பாடப்புத்தகங்கள் நோயாளியை ஒற்றை ஆளாகவே பார்க்கின்றன. அவரே சமைப்பார், அவரே அளப்பார், அவரே மருந்துச் சீட்டை வாசிப்பார் என்று எடுத்துக்கொள்கின்றன. சீனக் குடியேறிகளின் வீட்டில் சமைப்பவர் ஒருவர், சீட்டை வாசிப்பவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர். எல்லோரும் நடுவில் வைத்த பொதுத் தட்டுகளிலிருந்து எடுத்து உண்கிறார்கள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஏற்றதாக இல்லாத அறிவுரை ஒரு வாரம் தாங்காது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே.

முதல் படி: ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோப்பில் 'சீனர்' என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடுத்தது. 1943இல்தான் அது நீக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே குடும்பங்கள் பெருமளவில் வரத் தொடங்கின. மன்ஹாட்டன் சைனாடவுனின் மூத்த தலைமுறையில் குவாங்டோங் மாகாணத்துத் தோய்சான் வட்டாரத்தாரும் ஹாங்காங்கிலிருந்து வந்தவர்களும் அதிகம். 1980களிலிருந்து ஃபூஜியான் மாகாணத்து ஃபூஜோ வட்டாரத்தார் ஈஸ்ட் பிராட்வே பக்கமும், பிறகு புரூக்ளின் சன்செட் பார்க்கின் எட்டாவது அவென்யூ பக்கமும் குடியேறினார்கள். ஃப்ளஷிங்கில் தைவானிலிருந்தும் வடசீனாவிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கலாம்.

இந்த வேறுபாடு தட்டிலேயே தெரியும். தெற்கத்தியாருக்குச் சோறும் அரிசிக் கஞ்சியும் அரிசி நூடுல்ஸும் அன்றாட உணவு. வடக்கத்தியாருக்குக் கோதுமை: ஆவியில் வேகவைத்த மான்தோவ் ரொட்டி, பூரணம் வைத்த கொழுக்கட்டைகள், கையால் இழுத்த நூடுல்ஸ். 'சோற்றைக் குறையுங்கள்' என்று வடக்கத்தியாரிடம் சொன்னால் அவர் பணிவோடு தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நான்கு மான்தோவ் சாப்பிடுவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

முதல் சந்திப்பில் மருந்தைப் பற்றிப் பேசுமுன் இவற்றைக் கேளுங்கள்: சொந்த ஊர் எது, வீட்டில் எந்த மொழி, வந்து எத்தனை ஆண்டு, என்ன வேலை, வீட்டில் யார் யார், சமைப்பவர் யார், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு. கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டி என்றால் மருத்துவமனைக்கு வருவதே மகனுக்கு விடுமுறை கிடைப்பதைப் பொறுத்தது. நம் ஊரிலிருந்து போகும் பெற்றோரின் நிலையும் இதுதான் என்பதால் தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

பெரியவர்களைக் குடும்பப் பெயரோடு மரியாதை சேர்த்து அழையுங்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அமெரிக்கப் பழக்கத்தில் முதற்பெயர் சொல்லி எழுபது வயதுக்காரரைக் கூப்பிட்டால் உரையாடல் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

இரண்டாம் படி: மொழிக்கு ஆள் வையுங்கள், பிள்ளையை வைக்காதீர்கள்

'சீன மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று கேட்காதீர்கள். மாண்டரின், காண்டனீஸ், தோய்சான், ஃபூஜோ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு மொழி பேசுபவருக்கு இன்னொன்று புரியாமல் போகலாம். ஃபூஜோ மூதாட்டிக்கு மாண்டரின் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கொடுத்தால் அவர் பாதி புரிந்து மீதியை ஊகித்துக்கொள்வார். அப்படி ஊகத்தில் இன்சுலின் போட்டுக்கொள்ள முடியாது.

அச்சிட்ட தாள் கொடுப்பதானால் எழுத்து வடிவத்தையும் கவனியுங்கள். ஹாங்காங், தைவான்காரர்களுக்கு மரபு எழுத்து. பெருநிலச் சீனாவில் படித்தவர்களுக்கு எளிமையாக்கிய எழுத்து. கிராமத்தில் வளர்ந்த மூத்த பெண்களில் பள்ளிக்கே போகாதவர்கள் உண்டு. அவர்களுக்குத் தாளைவிடப் படமும் குரலும் உதவும்.

பன்னிரண்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்க்க உட்காரவைப்பது எளிதான வழி. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவு, அவசர நிலை தவிர்த்துச் சிறுவர்களை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது. பாட்டி தன் சிறுநீர்த் தொல்லையைப் பேத்தியின் வாயால் சொல்ல மாட்டார். வளர்ந்த மகனோ மகளோ மொழிபெயர்த்தாலும் கசப்பான செய்தியை மென்மையாக்கி விடுவார்கள். அவர்கள் அறையில் இருக்கட்டும், பேச்சிலும் கலந்துகொள்ளட்டும். மொழிபெயர்ப்பைப் பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

'புரிந்ததா?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மருத்துவரின் முன் 'புரியவில்லை' என்று சொல்வதை மரியாதைக் குறைவாகப் பலர் கருதுகிறார்கள். மருத்துவருக்கும் அது முகம் வாடும் செய்தி என்று நினைக்கிறார்கள். 'இன்று இரவு வீட்டுக்குப் போனதும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். செய்து காட்டும்போதுதான் உண்மை வெளியே வரும்.

மூன்றாம் படி: எண்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்

ஒல்லியான உடம்பைப் பார்த்து 'இவருக்குச் சர்க்கரை வராது' என்று முடிவு கட்ட வேண்டாம். ஆசிய உடல்வாகில் வயிற்றின் உட்கொழுப்பு குறைந்த எடையிலேயே சேர்கிறது. இன்சுலின் சுரக்கும் திறனும் சீக்கிரம் தளர்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் ஆசிய அமெரிக்கர்களுக்கான பரிசோதனை எல்லையை உடல் நிறைக் குறியீட்டெண் 23 ஆகக் குறைத்தது. மற்றவர்களுக்கு அது 25. 160 செ.மீ. உயரமுள்ளவர் 59 கிலோவை எட்டும்போதே இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். தமிழர்களுக்கும் இதே எல்லைதான்.

அடுத்தது அலகு. அமெரிக்க ஆய்வகம் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்லும். சீனாவும் ஹாங்காங்கும் கனடாவும் லிட்டருக்கு மில்லிமோலில் சொல்கின்றன. குவாங்ஜோவில் இருக்கும் தங்கை தொலைபேசியில் 'எனக்கு 8 வந்தது, மருத்துவர் திட்டினார்' என்கிறாள். நியூயார்க்கில் இருக்கும் அக்காவின் கருவியில் 144 காட்டுகிறது. இரண்டும் ஒரே அளவு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வந்துவிடும். வெறும் வயிற்றில் 7.0 என்பது 126. நீரிழிவு என்று தீர்மானிக்கும் எல்லை அது. இந்தக் கணக்கை ஒரு சிறு அட்டையில் இரண்டு வரிசையாக எழுதிக் கொடுங்கள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அது ஒட்டப்பட்டிருப்பதைப் பிறகு பார்ப்பீர்கள்.

இலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு ஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 7 சதவீதத்துக்குக் கீழே, மில்லிகிராம் அளவில் உணவுக்கு முன் 80 முதல் 130 வரை, உண்ணத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே. வயது முதிர்ந்து தளர்ந்தவர்களுக்கு இலக்கைத் தளர்த்த வேண்டும். அதை மருத்துவர் முடிவு செய்வார். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. அப்போது 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அரை கப் பழச்சாறு அந்த அளவுக்குச் சரியாக இருக்கும்.

நான்காம் படி: மேசையில் உட்காருங்கள்

அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். விருந்தினரை 'சாப்பிட்டாயிற்றா?' என்று வரவேற்கும் பண்பாடு அது. நமக்கும் அப்படித்தான். அங்கே ஒருவரின் கிண்ணத்தில் மற்றவர் உணவு எடுத்து வைப்பது அன்பின் அடையாளம். வேண்டாம் என்று மறுத்தால் அன்பையே மறுத்ததாகிவிடும். கேத்தரின் செஸ்லாவும் கெவின் சுன்னும் சான்பிரான்சிஸ்கோ சீனக் குடும்பங்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். நீரிழிவு வந்த வீடுகளில் உணவைச் சுற்றியே இழுபறிகள் எழுவதையும், குடும்ப ஒற்றுமைக்காக நோயாளி தன் தேவையை அடக்கிக்கொள்வதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். மனைவி தனக்குச் சர்க்கரை என்றால், கணவனுக்கும் பிள்ளைக்கும் வழக்கம்போல் சமைத்துவிட்டு, தான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து வெந்த கீரையைச் சாப்பிடுகிறாள். இரண்டு வாரத்தில் அவளுக்கு அலுத்துப்போகும்.

ஆகவே சமைப்பவரை அழைத்துவாருங்கள். வர முடியாவிட்டால் காணொளி அழைப்பில் பேசுங்கள். வீட்டுக் கிண்ணத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிண்ணத்தை வைத்துக்கொண்டு செய்யும் இந்த ஒரு வேலை பத்துத் தாள்களைவிடப் பயன்படும். வெந்த சோறு ஒரு அமெரிக்க அளவுக் கப்பில், அதாவது 240 மில்லிலிட்டரில், ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நோயாளியையே தன் கிண்ணத்தில் வழக்கமாகப் போடும் சோற்றைப் போடச் சொல்லுங்கள். பிறகு அதை அளவுக் கப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்றேகால் கப் வந்தால் 56 கிராம். இரவில் இரண்டு கிண்ணம் என்றால் 112. எதுவும் சொல்லாமல் அவர் முகத்தைப் பாருங்கள். கணக்கு அவருக்கே தெரிந்துவிடும். 'எவ்வளவு சாப்பிடலாம்?' என்று அவரே கேட்பார். அப்போது சிறிய கிண்ணம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். கிண்ணம் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். அது சிறியதாக இருப்பதில் அவ்வளவு வருத்தம் இருக்காது. பெரிய கிண்ணத்தில் பாதி சோறு வறுமையை நினைவுபடுத்தும். பஞ்ச காலத்தைப் பார்த்த தலைமுறை அது: 1959 முதல் 1961 வரையான பெரும்பஞ்சத்தைச் சிறுவயதில் அனுபவித்தவர்கள் இன்று உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். 'சோற்றை விடுங்கள்' என்று அவர்களிடம் சொல்வது மிகக் கொடுமை.

அடுத்து, உண்ணும் வரிசை. முதலில் கீரை, பிறகு மீனோ டோஃபுவோ இறைச்சியோ, கடைசியில் சோறு. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் ஒரு சிறு குழுவிடம் இதைச் சோதித்து, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை கணிசமாகக் குறைவதைக் காட்டினார்கள். காண்டனீஸ் வீடுகளில் தெளிந்த சூப் முதலில் வருவது வழக்கம் என்பதால் இந்த மாற்றம் இயல்பாகப் பொருந்தும். பொதுத் தட்டுகளில் கைவைக்க வேண்டியதே இல்லை; வரிசை மட்டும் மாறுகிறது. வீட்டில் யாருக்கும் தனிச் சமையல் வேண்டாம்.

கஞ்சியைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். உடம்பு சரியில்லை என்றால் சீன வீட்டில் முதலில் கஞ்சிதான் வைப்பார்கள். வயிற்றுக்கு இதம், எளிதில் செரிக்கும் என்பது நம்பிக்கை. எளிதில் செரிப்பதே இங்கே சிக்கல்: குழைய வெந்த அரிசி இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது. அதோடு எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கஞ்சியே கூடாது என்று சொன்னால் நோயுற்ற நேரத்தில் அவர் எதுவும் சாப்பிடாமல் இருந்துவிடுவார், அது இன்னும் ஆபத்து. அரிசியைக் குறைத்து, மீன் துண்டுகளும் முட்டையும் நறுக்கிய கீரையும் நிறையச் சேர்த்து, அதிகம் குழையவிடாமல் இறக்கச் சொல்லுங்கள். பொரித்த மாவுக்குப் பதில் அவித்த முட்டை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கருவி காட்டும் எண்ணை நம்பும் அளவுக்கு உங்களையோ என்னையோ அவர் நம்ப வேண்டியதில்லை.

சேப்பங்கிழங்கு, தாமரைத் தண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் காய்கறி என்று எண்ணிச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இவை மாவுச்சத்துக் கணக்கில் வர வேண்டியவை. பாக் சோய், கை லான் போன்ற சீனக் கீரைகள், நீர்ப்பூசணி, பீர்க்கங்காய், நீளக் கத்தரிக்காய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பாகற்காயை அவர்களும் சர்க்கரைக்கு மருந்து என்றே நம்புகிறார்கள். தமிழர்கள் இந்த இடத்தில் எளிதாக உறவு கொண்டாடலாம். நல்ல காய், சாப்பிடட்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

'சூடு', 'குளிர்ச்சி' என்று உணவைப் பிரிக்கும் வழக்கத்தைத் தள்ளிவிட்டுப் பேசாதீர்கள். நமக்கும் அது பழகிய பேச்சுதான். பச்சைக் காய்க் கலவையைக் குளிர்ச்சி என்று ஒரு மூதாட்டி மறுத்தால், அதே காயை இஞ்சி போட்டு வதக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரைவிட வெந்நீர் குடிக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பாராட்டுங்கள். அடுத்த தலைமுறை கொண்டுவந்து கொடுக்கும் முத்துப் பால் தேநீரும், ஹாங்காங் பாணியில் கட்டிப்பால் ஊற்றிய தேநீரும்தான் கவலைக்குரியவை.

உப்பை மறந்துவிடக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மி.கி. சோடியம் இருக்கிறது, ஒரு நாள் முழுமைக்கும் 2,300க்குள் இருக்க வேண்டும். புட்டியைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, சிறு கரண்டியால் எடுக்கும் பழக்கத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பண்டிகைகளுக்கு முன்கூட்டியே திட்டமிடுங்கள். நிலவு விழாவுக்கான தாமரை விதைப் பூரண நிலாக் கேக் ஒன்று 800 கலோரிக்கு மேல்கூடப் போகும். அதை எட்டுத் துண்டாக்கிப் பகிர்ந்து உண்பதுதான் பழைய வழக்கம் என்று அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டு, இனிப்பில்லாத தேநீர், அன்று இரவுச் சோற்றில் குறைவு. சந்திரப் புத்தாண்டின் பசையரிசிக் கேக்குக்கும் இதே வழிதான்.

ஐந்தாம் படி: மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள்

'வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், டீயையும், வேரையும், பொடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்' என்று சொல்லுங்கள். 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் மருத்துவர் கொடுத்ததை மட்டும் சொல்வார்கள். மூலிகையை மருந்தில் சேர்ப்பதில்லை. திட்டுவார்களோ என்ற அச்சமும் உண்டு.

பையைக் கொட்டும்போது மேசையில் இப்படி ஒரு கூட்டம் சேரும்: அமெரிக்க மருந்தகத்தின் ஆரஞ்சுப் புட்டியில் மெட்ஃபார்மினும் கிளிபிசைடும், ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த அகார்போஸ் அட்டை, ஜின்செங் சீவல், சிறு கறுப்பு உருண்டைகள் நிறைந்த ஒரு புட்டி. அந்தப் புட்டியைக் கையில் எடுங்கள். அது ஷியாவ்கே உருண்டையாக இருக்கலாம். சீனாவில் அங்கீகாரம் பெற்ற, பரவலாக விற்கப்படும் மருந்து. ஏழு மூலிகைப் பொருள்களோடு ஒவ்வொரு உருண்டையிலும் கிளிபிசைடின் இனத்தைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து 0.25 மி.கி. சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு வேளைக்குப் பத்து உருண்டை விழுங்கினால் 2.5 மி.கி. கிளிபென்கிளமைடு உள்ளே போகிறது. அதோடு அமெரிக்க மருத்துவர் கொடுத்த கிளிபிசைடும் சேர்ந்தால் ஒரே வகை மருந்து இரண்டு மடங்கு. சிறுநீரகம் தளர்ந்த மூத்தவருக்கு இந்தச் சர்க்கரைத் தாழ்வு மணிக்கணக்கில் நீடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'இது வெறும் மூலிகைதான்' என்று அவர் முழு நம்பிக்கையோடு சொல்வார். சினம் காட்டாதீர்கள். புட்டியின் சீன எழுத்து லேபிளை மொழிபெயர்ப்பாளரையோ சீனம் தெரிந்த மருந்தாளுநரையோ கொண்டு வாசித்துக் காட்டி, அதே நாளில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தாமாகவே எதையும் திடீரென நிறுத்தவும் சொல்லாதீர்கள். எதை விடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அகார்போஸ் சீனாவில் மிகப் பரவலாகப் பயன்படும் மாத்திரை. மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. இன்சுலினோடோ கிளிபிசைடு போன்ற மாத்திரையோடோ இதைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வீட்டுச் சீனியும் மிட்டாயும் உடனே பலன் தராது. அவற்றைச் செரிக்கவிடாமல் இதே மாத்திரை தடுக்கிறது. தூய குளுக்கோஸ் மாத்திரைதான் வேண்டும். பலருக்கும் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேற்கத்திய மருந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்வார்கள். வாதாட வேண்டாம். ஆய்வக அறிக்கையில் சிறுநீரகத்தின் எண்ணைக் காட்டுங்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். யாரோ ஒருவருக்கு அப்படி நிறுத்தியதைப் பார்த்துத்தான் இந்த அச்சம் பரவுகிறது. சிறுநீரகத்தைக் காக்க வேண்டும் என்ற அவருடைய கவலை சரியானதுதான். அதைச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதன் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இன்சுலின் என்றதும் 'கடைசிக் கட்டம் வந்துவிட்டது' என்று நினைப்பவர்கள் மிகுதி. ஒருமுறை போட்டால் பழகிவிடும், நிறுத்த முடியாது என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். முதலில் கேளுங்கள்: வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொண்டார்களா, அவருக்கு என்ன ஆயிற்று? பெரும்பாலும் காலை இழந்த ஒரு மாமாவோ கண்பார்வை போன ஒரு தாயோ அந்தக் கதையில் இருப்பார். இன்சுலின் மிகத் தாமதமாக வந்ததால் நேர்ந்தது அது என்று பொறுமையாக விளக்குங்கள். பிறகு நான்கு மில்லிமீட்டர் பேனா ஊசியைக் கையில் கொடுத்து, மருந்து இல்லாமல் ஒருமுறை குத்திப் பார்க்க வையுங்கள். விலையைப் பற்றிய கவலைக்கு: அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்குத் தரும் மெடிகேர் காப்பீடு உள்ளவர்களுக்கு 2023 முதல் ஒவ்வொரு இன்சுலினுக்கும் மாதத்துக்கு 35 டாலர்தான் உச்சவரம்பு. முதலாண்டில் 10 மணி நேரமும், பிறகு ஆண்டுக்கு 2 மணி நேரமும் நீரிழிவுக் கல்விக்கு மெடிகேர் இடம் தருகிறது. காப்பீடே இல்லாதவர்களை 1971இல் சைனாடவுனில் தொடங்கிய சார்லஸ் பி. வாங் சமூக நல மையம் போன்ற இடங்களுக்கோ, நியூயார்க் நகரம் 2019இல் தொடங்கிய என்.ஒய்.சி. கேர் திட்டத்துக்கோ அனுப்பலாம்.

ஆறாம் படி: நடையும் வேலையும்

சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு: உண்டபின் நூறடி நட, தொண்ணூற்றொன்பது வரை வாழ்வாய். உணவுக்குப் பிறகு நடப்பது சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கிறது என்பதை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நூறடியைப் பத்து, பதினைந்து நிமிடமாக்கச் சொல்லுங்கள். சைனாடவுனின் கொலம்பஸ் பூங்காவில் காலையில் தை சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்பவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். 'இதெல்லாம் அமெரிக்க அறிவுரை' என்று ஒருவர் தயங்கினால் அவருடைய நாட்டின் சான்றையே சொல்லுங்கள்: 1986இல் சீனாவின் தாச்சிங் நகரில் சர்க்கரை எல்லையில் இருந்த 577 பேரிடம் ஒரு ஆய்வு தொடங்கியது. உணவையும் உடற்பயிற்சியையும் ஆறு ஆண்டுகள் மாற்றிக்கொண்டவர்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அவர்களுக்கு நீரிழிவு சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளி வந்தது; இதய நோயும் இறப்பும் குறைந்தன.

உணவக ஊழியரிடம் பூங்காவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் நிற்பவர் அவர். கடை திறக்குமுன் ஒரு சாப்பாடு, பிற்பகல் ஓய்வில் ஒன்று, கடை மூடியபின் இரவு பதினொரு மணிக்கு ஒன்று. 'காலை உணவோடு மாத்திரை' என்று சீட்டில் எழுதினால் அவர் எதைக் காலை உணவாக எடுத்துக்கொள்வார்? அவருடைய வேலை நாளை மணி வாரியாக எழுதி, மாத்திரையை அந்தச் சாப்பாட்டு நேரங்களோடு பொருத்தித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். கூட்டம் அதிகமான வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு தவறிப்போகும் என்பதைச் சொன்னால், சர்க்கரையை அதிகம் தாழ்த்தாத மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். மேலங்கிப் பையில் குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் இருக்கட்டும்.

ஏழாம் படி: கால், கண், சிறுநீர்

ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் பாவையை விரித்துப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கான சோதனை, காலின் உணர்வுச் சோதனை. இவை எல்லோருக்கும் பொது.

சீனர்களிடம் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தூங்குமுன் சுடுநீரில் காலை ஊறவைப்பது அவர்களுக்குப் பிடித்த வழக்கம். குளிர்காலத்தில் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் மூலிகைச் சுருட்டைக் கொளுத்திச் சூடு காட்டும் சிகிச்சை எடுப்பார்கள். நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே காயம் தெரியவரும். ஊறவைக்காமல் இருப்பதே நல்லது. விடமாட்டேன் என்பவரிடம், நீரின் சூட்டை வீட்டில் இன்னொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும், 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும், விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: அடுத்த சந்திப்பு வரை வீசாட்டில்

மின்னஞ்சலை யாரும் பார்ப்பதில்லை. மூத்தவர்கள்கூட நாள் முழுதும் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் இருக்கிறார்கள். அதில் வரும் 'மூன்றே வாரத்தில் சர்க்கரை போய்விடும்' என்ற காணொளிகளும் அவர்களை அடைகின்றன. அதே வழியில் நல்ல செய்தியையும் அனுப்பலாம். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் லூ ஹூ, நியூயார்க்கின் சீனக் குடியேறிகளுக்கு அவர்கள் மொழியிலேயே குறுங்காணொளிகளை வீசாட் வழியே அனுப்பும் திட்டத்தை நடத்திப் பார்த்திருக்கிறார். வகுப்புக்கு வர முடியாத உணவக ஊழியர், பஸ்ஸிலோ படுக்கையிலோ அதைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

நீங்கள் செய்வதானால் ஒரு காணொளியில் ஒரே பொருளைச் சொல்லுங்கள்; ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தட்டச்சைவிடக் குரல் செய்தி நல்லது. யாருடைய சர்க்கரை அளவையும் குழுவில் போட விடாதீர்கள். பெயரும் நோயும் ஊருக்குத் தெரிவதை விரும்பாதவர்கள் மௌனமாக விலகிவிடுவார்கள். தனி நபர் விவரங்களை உங்கள் நிறுவனம் அனுமதிக்கும் பாதுகாப்பான வழியில் மட்டுமே பேசுங்கள்.

ஒன்பதாம் படி: ஊருக்குப் போகுமுன்

மூத்தவர்கள் பலர் ஊருக்குப் போனால் இரண்டு, மூன்று மாதம் தங்குகிறார்கள். ஏ1சி நன்றாக இருந்தவர் திரும்பி வரும்போது எகிறியிருப்பது பெரும்பாலும் இதனால்தான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே சந்திப்பு வையுங்கள். தங்கும் நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து மருந்து வாங்க வேண்டும். மருந்துகளின் பொதுப்பெயர்களைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள் கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலின் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, உறைந்துவிடலாம்.

சீனாவில் விற்கும் சில இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகுதான் இருக்கும். அமெரிக்காவில் வழக்கம் 100 அலகு. அமெரிக்க ஊசியால் அந்தக் குப்பியிலிருந்து எடுத்தால் அளவு பாதிக்கும் குறைவாகிவிடும்; அந்த நாட்டு ஊசியை இங்குக் கொண்டுவந்து பயன்படுத்தினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். குப்பியும் ஊசியும் ஒரே நாட்டுடையதாக இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். பேனாவில் போடுபவர் பேனாவையே எடுத்துப்போகட்டும். நியூயார்க்குக்கும் ஷாங்காய்க்கும் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் வேறுபாடு. நீண்டகால இன்சுலினை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு, விமான டிக்கெட்டின் பின்புறத்திலேயே குறித்துக் கொடுத்தனுப்புங்கள்.